ஆர்.சி. புக் இல்லாத பிளஷர்

எங்கள் பக்கத்தில் அப்போது காரைப் பிளஷர் என்றுதான் சொல்வோம். செஞ்சியில் பிளஷர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு ஆசை வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பொய். எனக்கு வேண்டியிருந்தது டாக்ஸி. உள்ளதைச் சொன்னால், அண்ணனுடைய மணிலா மண்டியிலிருந்து எழுந்து வெளியே போக ஒரு வழி.

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அந்த மண்டியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கோட்டை மலை, காலையிலிருந்து வெயிலைக் குடித்துவிட்டு சாயங்காலம் எங்கள் முகத்தில் ஊதும். தராசு, வேர்க்கடலை மூட்டை, தூசி, தும்மல். ஒருநாள் அண்ணனிடம் என் பங்கு நிலத்தை எழுதித் தந்துவிடுகிறேன், அதற்குண்டான பணத்தைக் கொடுத்துவிடுங்கள், டாக்ஸி வாங்கி ஓட்டிப் பிழைத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மண்டிக்குத் திரும்பினால் பங்காளியாக இல்லை, கூலியாகத்தான் திரும்ப வேண்டும். அதனால் அந்த டாக்ஸி எனக்கு ஓடியே ஆக வேண்டும்.

விழுப்புரத்தில் டிரங்க் ரோட்டை ஒட்டி ஒருவன் பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிக் காயை எடுத்து உடைத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதவர் அண்ணன். அவர் கூட இருந்தால் ஏமாற மாட்டோம் என்று நம்பினேன்.

அந்த ஆள் எங்களை ஏமாற்றிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு சோறு தொட மாட்டோம். தூக்குச்சட்டியில் கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தோம். அதை அவன் பார்த்துவிட்டான். நாங்கள் போனது மத்தியானம். முதலில் என்ஜினைத் திறந்து காட்டினான். பிறகு ஓட்டிப் பாருங்கள் என்று டிரங்க் ரோட்டில் வெகுதூரம் அனுப்பினான். திரும்பி வந்தால் விலையைப் பேசினான், பேசினான், இறங்கவே இல்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அண்ணன் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவன் திடீரென்று விலை இறங்கினான். "நீங்க போய் சாப்டுங்க நைனார், பொழுது போயிடப் போவுது. அதுக்குள்ள நான் ரசீது எழுதி வெக்கிறேன்" என்றான். எவ்வளவு மரியாதை தெரிந்த ஆள் என்று அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றபடி சொன்னார். கை கழுவிவிட்டு வந்து ரசீதில் கையெழுத்துப் போட்டோம். ஆர்.சி. புக் எங்கே என்று நான் கேட்டதற்கு, கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாற்றக் கொடுத்திருக்கிறேன், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும் என்றான். நாங்கள் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வண்டி இளமஞ்சள் நிறம், புதுப் பெயிண்ட். ஓட்டுவதற்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளே அவலூர்பேட்டை சந்தைக்கு ஓட்டிப்போனேன். மணிலா வியாபாரிகள் கூடும் இடம், நாளைக்குச் சவாரி வருகிறவர்கள் அவர்கள்தான், வண்டியைக் காட்டி வைக்கலாம் என்று எண்ணம். சந்தைத் தெருவில் மாடும் ஜனமும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஹாரனை அழுத்தினேன். அந்த ஹாரனுக்கு ஒரு தனிக் குரல், முதலில் கரகரத்துவிட்டு அப்புறம் கத்தும்.

கூட்டம் விலகவில்லை, நெருங்கி வந்தது. புளிய மரத்தடியில் இருந்த ஒரு கிழவர் எழுந்து, பக்கத்துக் கடையில் ஒரு காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவசரமாக வந்தார். கதவருகே வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பாட்டில் கையிலேயே நின்றது.

"இன்னாப்பா, டாக்டரு வண்டில நீ உக்காந்துனு இருக்கற?"

டாக்டர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று அவருக்கே தெரியும். ஹாரனைக் கேட்டதும் கால் தானாக எழுந்துவிட்டதாம். டாக்டரின் வண்டி கறுப்பு என்றும், ஆனால் இந்தக் கரகரப்பு அதனுடையதுதான் என்றும் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். பாட்டிலை நீட்டினால் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் மருந்து ஊற்றிக் கொடுத்தவர் அந்த டாக்டர். அவர் வீடு எது என்று கேட்டேன். தெருக்கோடியைக் காட்டினார்கள்.

டாக்டரின் மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலுக்கு வந்தவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகவும் சாதாரணமாக, "ரிப்பேர் முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டார்.

அவர் வண்டியை விற்கவே இல்லை. கணவர் போன பிறகு ஓடாமல் நின்ற வண்டியை அந்த விழுப்புரத்து ஆளிடம் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். சாமான் கிடைக்கவில்லை, மெட்ராசிலிருந்து வரவேண்டும் என்று மாதக்கணக்கில் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்.சி. புக் எந்த ஆபீசுக்கும் போகவில்லை. டாக்டர் பேரிலேயே, அந்த அம்மாவின் பீரோவில் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவனைப் பிடித்துக் கேட்கும் வரை வண்டி உங்களிடமே நிற்கட்டும் என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். கொட்டகை பூட்டிக் கிடந்தது. நாலாவது தடவை போனபோது அவன் ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தான். ஓடவில்லை, ஒளியவில்லை. எனக்கும் ஒரு டீ சொன்னான்.

"வண்டி கேட்டீங்க, வண்டி குடுத்தேன். புக்கை வாங்காம பணம் குடுன்னு நானா சொன்னேன்?"

அவன் சட்டையைப் பிடித்தேன். சுற்றி இருந்தவர்கள் என் கையைத்தான் பிடித்தார்கள். போலீசுக்குப் போனால், எழுதுகிற ஏட்டு நல்ல மனிதராகத்தான் பேசினார். புகார் கொடுத்தால் வண்டி கேஸ் சொத்தாகிவிடும், கேஸ் முடிகிற வரை இங்கேதான் நிற்கும் என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினார். அங்கே ஒரு லாரியின் மேல் கோவைக் கொடி ஏறிக் காய்த்திருந்தது. நான் புகார் கொடுக்காமல் திரும்பினேன். அடுத்த வாரம் அந்தக் கொட்டகையில் வேறு யாரோ வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். ஆள் ஊரைவிட்டே போய்விட்டான்.

இனி ஒரே வழி அந்த அம்மாதான். மறுபடியும் போய் நின்றேன். அவரே எனக்கு எழுதிக் கொடுத்தால் வண்டி என் பேருக்கு வரும், வந்தால்தான் டாக்ஸி பர்மிட் கிடைக்கும், ஓடுகிற காசில் மாதாமாதம் உங்களுக்கும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "எனக்கு வண்டி என்னத்துக்கு தம்பி. ஓட்டவும் ஆளில்ல. ஆபீஸ் அலையற வேலையை நீங்க பாத்துக்கங்க, கையெழுத்து போடறேன்" என்றார். அன்றைக்கு அவர் எனக்குக் குலதெய்வமாகத் தெரிந்தார்.

அலைச்சல் எப்படிப்பட்டது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. செத்தவர் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே வண்டி முதலில் வாரிசு என்ற முறையில் அந்த அம்மா பேருக்கு வர வேண்டும், அப்புறம் அவரிடமிருந்து எனக்கு. வாரிசுச் சான்று வாங்க செஞ்சி தாலுக்கா ஆபீஸ். அங்கே போனால் வருஷக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி முடியட்டும் என்றார்கள். முடிந்ததும் குமாஸ்தா மாற்றலாகிவிட்டார். புதுக் குமாஸ்தா, விசாரணை அறிக்கையில் கிராமக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து இல்லை என்றார். கணக்குப்பிள்ளை மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

வண்டி எங்கள் வீட்டுப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் நின்றது. ரோட்டில் எடுக்கப் பயம். பாட்டரி இறங்கிவிடக்கூடாது என்று காலையில் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, நிறுத்துவேன். பறவை எச்சத்தைத் துடைப்பேன். மறுபடியும் துடைப்பேன். வீட்டில் ஓரிடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வண்டியைப் பார்த்துவிட்டு வருவேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே தபால்காரன் என்று ஓடுவேன். என் அம்மா எனக்குப் பில்லி சூனியம் என்று முடிவு கட்டி மந்திரிக்க ஆள் கூட்டிவரப் பார்த்தாள். அண்ணன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவரும் சேர்ந்து புளிச்சோறு தின்றவர்தானே. ஆனால் மண்டியில் நான் உட்காரும் இடத்தில் அவர் யாரையும் உட்கார வைக்காமல் காலியாகவே வைத்திருந்தார். அதைப் பார்க்கக்கூடாது என்று நான் மண்டிப் பக்கம் போவதையே விட்டேன்.

மழை பிடித்த பிறகுதான் எல்லாக் காகிதமும் சேர்ந்தது. கடலூருக்கு அந்த அம்மாவை அதே வண்டியில் அழைத்துப்போனேன். உரிமைக்காரரே உள்ளே இருக்கிறார், யார் மறித்தாலும் பயமில்லை. வழியெல்லாம் அவர் பின் சீட்டில் கண்ணாடி ஏற்றாமல் முகத்தில் சாரல் அடிக்க உட்கார்ந்திருந்தார். நான் பாட்டே பாடியிருப்பேன், மரியாதைக்கு அடக்கிக்கொண்டேன். என் பைக்குள், வண்டியை என் பேருக்கு மாற்றும் இரண்டாவது விண்ணப்பம் தயாராக இருந்தது. அதிலும் கையெழுத்து வாங்கி அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று கடலூர் ஆபீஸ் குமாஸ்தா முன்பே சொல்லியிருந்தார்.

முதல் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. டாக்டர் பேரை சிவப்பு மையில் அடித்து, கீழே அந்த அம்மாவின் பேரை எழுதி, முத்திரை குத்தி, புக்கை அவர் கையில் கொடுத்தார்கள். வராந்தாவுக்கு வந்தோம். நான் விண்ணப்பத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. புக்கைத் திறந்து, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மை காயவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வாயால் ஊதினார்.

"ரேஷன் கார்டுல அவரு பேரு. வீடு மாமனாரு பேருல இருக்குது" என்றார். பிறகு புக்கை மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "தம்பி, இதை நான் குடுக்கல."

ஒத்துக்கொண்டீர்களே என்றேன். எத்தனை மாதம் அலைந்தேன், எனக்கு நிலமும் இல்லை, திரும்பிப் போக மண்டியும் இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"ஒத்துக்கினப்ப அது அவரு வண்டி. இப்ப என் வண்டி."

நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். என் பேரில் ஒன்று இருக்க வேண்டும் என்றுதானே நானும் பைத்தியம் பிடித்து அலைந்தேன். அது எப்படிப்பட்ட ஆசை என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என் காலையும் கையையும் கவனித்துக்கொண்டே வந்தார். திண்டிவனம் போகும் ரோடு பிரிகிற இடத்தில், தனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். அதுவரைக்கும் நீங்களே ஓட்டுங்கள், சம்பளம் தருகிறேன் என்றார். அண்ணனிடம் கூலியாக இருக்கக்கூடாது என்று நிலத்தைத் தொலைத்தவன் நான். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். செஞ்சிக் கடைத்தெரு வழியாகப் போனோம். மண்டி வாசலில் அண்ணன் எழுந்து நின்று, முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

அவலூர்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை அவர் கையில் போட்டுவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். அழுகை வந்தது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் வேகமாக நடந்தேன்.

பாதித் தெரு தாண்டியிருப்பேன். பின்னால் என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி கிளட்சை மிதிக்காமல் கியரைத் தள்ளுகிற நறநறப்பு. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. யாரோ சிரித்தார்கள். மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் நறநற. என் பல்லிலேயே உரசுவது போல இருந்தது. போகட்டும், உடையட்டும், எனக்கென்ன என்று இன்னும் கொஞ்சம் நடந்தேன். மூன்றாவது தடவை கேட்டதும் முடியவில்லை. நின்றேன், திரும்பினேன், ஓடினேன். கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கோபத்தோடுதான் சொன்னேன்.

"இடது காலும்மா. முழுசா மிதிங்க, அப்புறம் கியரைத் தொடுங்க."