சூளைப் பஞ்சு

கம்பெனி ஜெனரேட்டரில் புகைக்குழாய் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. புகை கசியாமல் அடைக்கும் காஸ்கெட் போய்விட்டது. மாற்றாக வைக்க, சூளைக் கதவுக்கு அடைக்கும் வெள்ளைப் பீங்கான் இழைப் பஞ்சை ஆபரேட்டர் கத்தரித்துக்கொண்டிருந்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பாவும் விருத்தாசலத்தில் சூளை வேலைதான். கடலூரில் மாமாவின் படகு இன்ஜினில் இப்படிப் புகை கசிந்தபோது, இதே பஞ்சை வெட்டி வைத்தார்.

"பீங்கான் வேகுற சூட்டையே தாங்குது. உன் படகு என்ன பெரிய சூளையா மச்சான்?"

சூட்டைத் தாங்கியது. இன்ஜின் அதிர்ந்ததிலும் உப்புத் தண்ணீரிலும் உதிர்ந்துபோனது. நடுக்கடலில் புகை இன்ஜின் அறையை அடைத்து, மாமா உள்ளேயே மயங்கி விழுந்தார். கூட இருந்தவர்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் மாமா அப்பாவைப் பார்த்து, "பஞ்சு மேல தப்பில்ல மச்சான். அதுக்கும் ஒங்கள மாதிரி கடல் பழக்கமில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

அதன் பிறகு மாமா கொடுத்தனுப்பிய மீனை அவர் தொட்டதே இல்லை. "கவிச்சி ஒத்துக்கல" என்பார். பச்சைப் பொய். மாமா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தின்றிருப்பார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து முள் விடாமல் தின்றவன் நான்.

"எதுக்குண்ணே மொறைக்கிறீங்க? சூளைக்கே தாங்குதே" என்றான் ஆபரேட்டர்.

"சூளை ஒரே எடத்துல நிக்குது. இது ஆடுதுடா. நிறுத்து மொதல்ல. கடைக்குப் போயி காஸ்கெட் வாங்கியா."

பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். ராத்திரி வீட்டில் சாப்பிட உட்காரும்வரை பஞ்சுத் தூள் ஒட்டிய விரல் அரித்தது. அம்மா மீன் வைத்திருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டேன்.