இடது கன்னத்துக்காகக் காத்திருத்தல்

காதுக்கு முன்னால் இருந்த கட்டியை முதலில் கண்டது ஒப்பனை செய்யும் பெண்தான். பழைய துறைமுகத்துக்கு அருகே ஒரு தெருவை நியூயோர்க்காக மாற்றி, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் நான் மருந்துக்கடைக்காரன். பவுடர் பூசிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "இந்தப் பக்கம் வீங்கியிருக்கிறதே, தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. வலி எதுவும் இருக்கவில்லை.

மொன்ட்ரியாலுக்குப் படமெடுக்க வரும் அமெரிக்கர்களுக்கு என்னைப் போன்ற முகங்கள் தேவைப்பட்டன. டாக்சி ஓட்டுநர், விமான நிலையத்தில் மறித்து வைக்கப்படுபவர், பெயரில்லாத டொக்டர். இரண்டே வசனம் என்றாலும் அந்த மனிதன் காலையில் என்ன சாப்பிட்டிருப்பான் என்று யோசித்துவிட்டுத்தான் போவேன்.

ஊசியால் திசு எடுத்துப் பார்த்தார்கள். பரோடிட் சுரப்பியில் (காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) புற்றுநோய். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்கு ஊடாகத்தான் போகிறது.

அறுவைச் சிகிச்சை செய்யவிருந்த டொக்டர் படம் வரைந்து காட்டினார். "நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பேன். கட்டி அதைச் சுற்றியிருந்தால் வெட்டத்தான் வேண்டும். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவோம்."

"நான் நடிகன்" என்றேன்.

"தெரியும். அதனால்தான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை."

வெளியே வந்ததும் என் மனைவி ஜசிந்தா, "முகம் எப்பிடியும் போகட்டும். நீங்கள் உயிரோட வீட்டை வந்தால் அதுவே காணும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. முகத்தை ஒரு பழைய சேர்ட்டைப் போலச் சொல்கிறாளே என்று நினைத்தேன். மெட்ரோவில் அவளை விட்டுத் தள்ளிப் போய் இருந்தேன்.

திறந்து பார்த்தபோது கட்டி நரம்பைச் சுற்றியிருந்தது. வெட்டினார்கள்.

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு, எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். இடக்கண் மூடாது, படுக்கும்போது இமையை ஒட்டிவைக்க வேண்டும். தேநீர் வாயோரத்தால் ஒழுகும். உதடுகள் சேராததால் 'அப்பா' என்ற சொல்லே காற்றாகப் போகும். பிறகு கதிர்வீச்சு (மிஞ்சிய புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் சிகிச்சை). என் முகத்தின் அச்சிலேயே செய்த வலைமூடியை முகத்தில் மாட்டி, அசையாமல் மேசையோடு பூட்டினார்கள்.

பொருத்திய நரம்பு மிக மெதுவாகவே வளரும். பலவந்தமாக அசைக்கக் கூடாது என்று பயிற்சி தந்தவர் சொன்னார்; அப்படிச் செய்தால் தசைகளின் வேலை குழம்பி, சிரிக்க நினைக்கும்போது கண் மூடிக்கொள்ளுமாம். எனவே தினமும் காலையில் கண்ணாடியின் முன் இருந்து, அசையாத கன்னத்தை அசைப்பதாக நினைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மறுநாளும் கண்ணாடியின் முன் போய் இருந்தேன்.

ஒரு மதியம் சாப்பிடும்போது ஜசிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, இன்னொருக்கால் செய்யுங்கோ." நான் எதைச் செய்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. "சொண்டோரம் துடிச்சது. நான் கண்டனான்" என்று என் உதட்டின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

கொஞ்சக் காலத்தின் பின், எனக்கு வேடங்கள் தேடித் தரும் முகவர் தொலைபேசியில் அழைத்தார். கடத்தல் கும்பலின் தலைவன் வேடம். இந்த முகத்துக்கு ஒப்பனையே தேவைப்படாது என்று சந்தோஷமாகச் சொன்னார். முடியாது என்றேன்.

"ஏன் வேண்டாமெண்டனீங்கள்? வேலைதானே" என்று கேட்டாள் ஜசிந்தா.

"இது கெட்டவன்ர முகமில்லை. என்ர முகம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம். அப்ப நல்லவன்ர வேசம் கேளுங்கோ."

கேட்டேன். பல இடங்களில் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு படத்தில் கணித ஆசிரியர் வேடத்துக்குத் தேர்வு வைத்தார்கள். வசனத்தைச் சொல்லி முடித்ததும் இயக்குநர், "அவருடைய முகத்துக்கு என்ன நடந்ததென்று கதையில் சொல்வது?" என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் கணக்குப் படிப்பிக்கிறார்."

வேடம் கிடைத்தது.

இப்போது என் முகத்தில் இரண்டு நேரங்கள் ஓடுகின்றன. சிரிப்பு வலப்பக்கத்தில் உடனே வரும். இடப்பக்கம் பின்னால் வரும். சில நாட்களில் வராமலே விடும். முன்பு அந்த இடைவெளியில் கையால் வாயை மறைப்பேன்.

படப்பிடிப்பில், ஒரு மாணவி விடையைச் சரியாகச் சொல்ல ஆசிரியர் சிரிக்கும் காட்சி. வலப்பக்கம் சிரித்ததும் காட்சி முடிந்ததென்று நினைத்து இயக்குநர் 'கட்' சொல்ல வாயெடுத்தார். நான் ஒரு விரலை மெல்ல உயர்த்தினேன். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தோம்.

வந்தது.