திருத்தங்கலில் முப்பதடிப் படம்

2007 மார்ச், சனிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு விருதுநகரில் இறங்கினேன். இரண்டு புரொஜெக்டர் பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு ரயிலில் யாரால் தூங்க முடியும்? வெளியே, விழாவில் படம் காட்ட என்னை அழைத்திருந்த வெடி கம்பெனியின் வேன் நின்றது. டிரைவர் முத்துராஜுக்கு நாற்பது வயதிருக்கும். பெட்டிகளைப் பச்சைப் பிள்ளையைப் போலத் தூக்கி வைத்தார்.

திருத்தங்கலுக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் ஆடு, சைக்கிள், காலண்டர் லோடு ஏற்றிய லாரி. எதற்கும் அவர் ஹாரன் அடிக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து ஊர்ந்தார். எனக்கோ பொறுமை மட்டு.

"என்னண்ணே, ஹாரன் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு சார். நான் அடிக்கிறதில்ல."

ஆமத்தூரில் டீ மூன்று ரூபாய். கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "சாயங்கால விழாவுல, வேலை பாக்குற எல்லாரும் நிக்கிற போட்டோவைப் பெரிசாப் போடுறீகளாமே?"

"ஆமாண்ணே. முப்பதடி அகலம்."

"அதுல என் வீட்டுக்காரி மகேஸ்வரி இருக்கா சார், பச்சைச் சேலையில. பொங்கலுக்கு முந்தி மஞ்சக்காமாலையில போயிட்டா. கல்யாணப் போட்டோவுல பயந்துபோய் முறைச்சிக்கிட்டு நிப்பா. இதுல சிரிச்சிக்கிட்டு நின்னான்னு பொம்பளைக சொன்னாக. மொதலாளிகிட்ட கேக்கக் கூச்சம். ஒருதரம் பாக்கணும்."

டீக்கு நான் காசு கொடுத்தேன்.

பத்து மணிக்கு மண்டபத்தில் திரையைக் கட்டினோம். அவ்வளவு அகலத்துக்கு ஒரு புரொஜெக்டர் போதாது. இடப்பாதியை ஒன்றும் வலப்பாதியை இன்னொன்றும் காட்டும். நடுவில் ஆறடிக்கு இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கே வெளிச்சம் இரட்டிப்பாகும், உருவங்களும் இரண்டாகும். அதைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. சோதனைக்குப் படத்தைப் போட்டேன். பச்சைச் சேலை சரியாக நடுவில். அதற்கு இரண்டு முகம்.

"ரெண்டாத் தெரியிறாளே சார்?"

"என் மெஷின் கோளாறுண்ணே. மத்தியானத்துக்குள்ள ஒண்ணாக்கிக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

இடப் புரொஜெக்டரில் சிவப்புக் கட்டங்களும் வலதில் பச்சைக் கட்டங்களும் போட்டு, இரண்டும் பொருந்தி மஞ்சளாகும்வரை நகர்த்தினேன். பிறகு நடுப்பகுதியில் இரண்டின் வெளிச்சத்தையும் ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். மேனேஜர் வந்து, "இன்னும் எம்புட்டு நேரம் சார்? சாப்பிட்டீகளா?" என்றார். சாப்பிடவில்லை.

மூன்றரைக்குப் படம் வந்தது. இணைப்பு தெரியவில்லை. மகேஸ்வரிக்கு இருபுறமும் நின்ற பெண்களின் வளையல்களை எண்ணலாம். அவள் முகம் மட்டும் இழுபட்டுக் கலங்கியிருந்தது. கட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன், மயிரிழை பிசகில்லை. லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. காமிரா சொடுக்கிய நொடியில் அவள் தலையைத் திருப்பியிருக்கிறாள்.

"அண்ணே, மெஷின்ல தப்பில்ல. எடுக்கும்போதே அசைஞ்சிட்டாங்க. இது என்னால முடியாது."

முத்துராஜ் திரைக்கு அருகே போனார். அவர் நிழல் ஒரு புரொஜெக்டரின் வெளிச்சத்தை மறைத்தது. மற்றதன் வெளிச்சத்தில் அவள் மங்கலாக இருந்தாள்.

"எந்தப் பக்கம் சார் திரும்பியிருக்கா?"

"இடது பக்கம்."

"கம்பெனி கேட்டுப் பக்கம். போட்டோ எடுக்கையில கேட்டுகிட்ட வேனை நிப்பாட்டிட்டு நாந்தான் ஹாரன் அடிச்சேன். சாயங்காலம் அவளைக் கூப்பிட அடிக்கிற மாதிரி, ரெண்டு தரம். சும்மா வெளாட்டுக்கு."

விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். இணைப்பே தெரியவில்லை என்று முதலாளி என் கையைக் குலுக்கினார்.

ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கும்போது, "அவங்க நிக்கிற இடத்தை மட்டும் பிரிண்ட் போட்டு அனுப்பட்டுமாண்ணே? முகம் தெளிவா இருக்காது" என்றேன்.

"அனுப்புங்க சார். என்னையப் பாக்கத்தான திரும்புறா."

மறுநாள் காலை சென்னையில் ஆட்டோக்காரர் என் வீட்டு கேட் முன்னால் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பெட்டிகளை இறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.