மேகாங் படகும் மூன்று நாள் தீட்டும்

என் கணவரிடம் ஒரு கதை உண்டு. தாய்லாந்து எல்லையைத் தாண்டி, லாவோசுக்குள் மேகாங் ஆற்றில் இரண்டு நாள் மரப்படகில் போன கதை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எங்கே பந்தி போட்டாலும் இலை எடுப்பதற்குள் அதைச் சொல்லி முடித்துவிடுவார். கதையின் நடுவில் நான் வருவேன். "இவளக் கூட்டிட்டுப் போயிருந்தேன்னு வைங்க, பஸ்ல ஏறினாலே வாந்தி எடுக்கிறவ, படகே கவுந்திருக்கும்" என்பார். சொந்தபந்தம் மொத்தமும் சிரிக்கும். இத்தனைக்கும் கல்யாணமான புதிதில் ஏற்காடு பஸ்ஸில் ஒரே ஒரு தடவை எடுத்தேன். தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான் என்பது யாருக்கும் நினைவு வராது. ஆறு வருஷம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு மோர் ஊற்றினேன்.

அந்தப் பயணம் என்னுடையது. எங்களுடைய பத்தாவது கல்யாண நாளுக்கு இரண்டு பேரும் முதுகுப் பை மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வருஷம் உட்கார்ந்து திட்டம் போட்டவள் நான். பாங்காக்கிலிருந்து எந்த பஸ், எல்லைப் பாலத்தில் எங்கே முத்திரை குத்துவார்கள், எந்தத் துறையில் படகு கிடைக்கும், எல்லாம் நாற்பது பக்க நோட்டில் என் கையெழுத்தில் இருந்தது. கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது திட்டக்குடியில் என் அப்பாவின் பங்காளி ஒருவர் இறந்துபோனார். எனக்குப் பெரியப்பா முறை.

"உங்க வீட்டுத் தீட்டு. பதினாறு நாள் ஆவணும். தீட்டோட ஆத்தத் தாண்டக் கூடாது, உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பதில் சொல்றது" என்றார் கணவர். நம்பினேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது, இதையெல்லாம் கேட்க எனக்கு ஆளில்லை. அழுதுகொண்டே பையைப் பரணில் போட்டேன். கிளம்புகிற அன்று காலையில்தான், "தனியாப் போனா நல்லா இருக்காது, உன் தம்பி வரான்" என்றார். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், பாஸ்போர்ட் கையில் தயாராக இருந்தது. என் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் அங்கே இருக்கும்போது இங்கே பதினாறாம் நாள் காரியம் வந்தது. திட்டக்குடியில் பெரியம்மா, இறந்தவரின் மனைவி, என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"எங்கடி உன் தம்பி?"

"வெளிநாடு போயிருக்கான் பெரியம்மா. நானும் போவ வேண்டியது. தீட்டுன்னு நின்னுட்டேன்."

பெரியம்மா அந்தத் துக்கத்திலும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளோட போச்சேடி. பதினாறு நாளு உன் தம்பிக்கில்ல? பங்காளி அவன்தானே?"

சுற்றி இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தீட்டு உள்ளவன் ஆற்றைத் தாண்டிவிட்டான், தீட்டு இல்லாதவள் சாவு வீட்டில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு மடச்சி இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டாள் என்று அன்றைக்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், உங்க வீட்டு சாங்கியம்" என்று கைகழுவிவிட்டார். அவருக்குத் தெரியும். கேட்கும்போது என் கண்ணைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார், எனக்கு அது போதும். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். தெரிந்தேதான் என்னை ஏமாற்றினார் என்பதை அவர் வாயாலேயே, சிரித்த அதே சொந்தக்காரர்கள் முன்னால், பெரியம்மா காதில் விழ, சொல்ல வைக்க வேண்டும். புடவையும் நகையும் யாருக்கு வேண்டும்? இது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறு வருஷமும் கொதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் போன மே மாத விடுமுறையில் அதே வழியில், அதே படகில், ஒற்றை ஆளாகப் போய்வருவது என்று கிளம்பினேன். ஒரு தடவைகூட வாந்தி எடுக்காமல் திரும்பி வந்து முகத்துக்கு நேரே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது நினைத்தது. கணவர் சிரித்தார். "போயிட்டு வா. மூணாம் நாளே ஏர்போர்ட்லேந்து போன் பண்ணுவ." பஸ் ஏற்றிவிட வந்த தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அங்க படகு வேணாம்க்கா, வேன்ல போயிடு, அதான் சுருக்க போவும்" என்று இரண்டு தடவை சொன்னான். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பாங்காக்கிலிருந்து எல்லை ஊருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடைசி மலை வளைவுகளில் ஒரு பை நிறைய வாந்தி எடுத்தேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவருக்கு அந்தச் சந்தோஷத்தைத் தரப்போவதும் இல்லை. பாலத்தில் முத்திரை வாங்கி, ஒரு பஸ்ஸில் அக்கரை போய், லாவோஸ் பக்கம் இன்னொரு முத்திரை வாங்கி, ஆற்றுத் துறைக்கு வந்தேன். நீளமான மரப்படகு. உள்ளே பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளைப் பலகையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அரிசி மூட்டை, கூடையில் சேவல்கள், ஒரு மோட்டார் சைக்கிள், முதுகுப் பைக்காரர்கள், நான். கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகை. அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அதைப் பார்க்காமல் எதிரே இருந்த சேவல் கூடையைப் பார்த்தபடி கடந்துவிட்டேன்.

கோடையில் தண்ணீர் குறைவு, நடு ஆற்றில் பாறைகள் கரும்பன்றி முதுகாகத் தெரிந்தன. படகுக்காரர் ஒவ்வொன்றையும் உரசாமல் ஒதுக்கிக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாவோஸ்காரி எனக்குக் கைநிறையப் பிசைந்த சோறு கொடுத்தாள், நான் புளிசாதம் கொடுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள், ஆனால் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டாள். எனக்கு அந்த நாள் பிடித்திருந்தது. பிடித்துப்போகப் போக வயிறும் எரிந்தது, ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே இது எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மலைச் சரிவில் ஒரு சின்ன ஊர் தெரிந்தது, படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். துறையில் ஏறுவது வரைக்கும்தான் என் நோட்டில் இருந்தது, என்ன ஆயிற்று என்று கைச் சைகையில் கேட்டேன். படகுக்காரர் பாறைகளைக் காட்டினார், இருட்டைக் காட்டுகிற மாதிரி கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். இருட்டில் இந்தப் படகு ஓடாது. எந்தப் படகும் ஓடாது. எல்லாரும் அந்த ஊரில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலையில் மறுபடி ஏற வேண்டும்.

என் கணவரின் கதையில் முக்கியமான இடமே அதுதான். "ராத்திரி முழுக்க படகு போயிட்டே இருக்கு, மேல பார்த்தா நட்சத்திரம், நானும் மச்சானும் மேல்தட்டுல படுத்துக்கிட்டு..." அந்தப் படகுக்கு மேல்தட்டே கிடையாது, தகரக் கூரைதான். கரையில் நின்று தனியாகச் சிரித்தேன். லாவோஸ்காரி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன்.

"படகு ராத்திரி எங்கடா நின்னுச்சு?"

"எந்தப் படகுக்கா?" என்றான். பிறகு, "அக்கா, மாமா சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றான். "படகு லேட் ஆவும், வேணாம்னாரு. வேன்லதான் போனோம். போட்டோ மட்டும் போய்ச் சேந்த ஊர்ல, கட்டியிருந்த படகுக்குப் பக்கத்துல கரையில நின்னு எடுத்தோம்."

"நான் கேட்டன்னு மாமாகிட்ட மூச்சு விட்ட, அப்புறம் உனக்கு அக்காவே கெடையாது" என்று வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்து நான் எதையும் போட்டு உடைக்கவில்லை. உடைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும், ஆறு வருஷத்துக்கு ஒரு நாள் எப்படிப் போதும்? அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். "ஏங்க, அந்தப் படகுக் கதையச் சொல்லுங்க." சொன்னார். "ராத்திரி சாப்பாடு என்ன குடுத்தாங்க?" என்றேன். "மீன்" என்றார். அதற்கடுத்த வீட்டு விசேஷத்தில், "என்ன மீனுங்க அது?" என்றேன். "கெளுத்தி." "யாரு சமைச்சா?" "படகுக்காரன் பொண்டாட்டி." அப்போது என் முகத்தைப் பார்த்தார். நானும் அந்தப் படகில் போய்வந்தவள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது.

வீட்டுக்கு வந்து, "தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

"என்ன தெரியணும்?"

"எல்லார்கிட்டயும் சொல்லித் தொலையேன். எதுக்கு இப்படிக் கொல்ற?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தீட்டு இல்லன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்கன்னு பெரியம்மா முன்னாடி நீங்க சொல்லுங்க."

"அது மட்டும் முடியாது" என்று கடைக்குப் போய்விட்டார்.

சரி, முடியாதென்றால் முடியாது. தம்பி மகளுக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள், திட்டக்குடியிலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தார். அவர் பக்கத்திலேயே கணவருக்கு இலை போட வைத்தேன். "ஏங்க, அந்தப் படகுக்காரன் பொண்டாட்டி அடுப்ப எங்க வச்சிருந்தா?" என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "நான் படகுல ஏறல. வேன்லதான் போனேன்" என்றார்.

தம்பி சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான். பிறகு யாரோ சிரித்தார்கள். "விடு மாப்ள, ரெண்டு நாளு படகுல எவன் உக்காருவான்" என்றார் எதிர் வரிசை மாமா. ஆளாளுக்கு அவரைத் தேற்ற ஆரம்பித்தார்கள். பொய்யைக்கூட விளையாட்டாக எடுத்துக்கொண்டு மன்னிக்கிற கூட்டம், என் வாந்திக்கு மட்டும் ஆறு வருஷம் வாய்விட்டுச் சிரித்தது. என் கை நழுவிப் போகிறது என்று தெரிந்தது.

"தீட்டு?" என்றேன்.

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். "மூணு நாளுதான்னு தெரியும். ஐயர்கிட்டயே கேட்டேன். கேட்டுட்டு வந்துதான் இவகிட்ட பதினாறுன்னேன்."

பெரியம்மா கையில் இருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டார். "ஏம்ப்பா?"

"இவ கூட வந்தா நான் படகுல ஏறித்தான் ஆவணும். ஏறாம நின்னா இவ பாத்துடுவா." தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "எனக்குத் தண்ணின்னா பயம். சின்னதுலேந்தே."

எத்தனை தடவை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பிச்சாவரம் போயிருக்கிறோம். எல்லாருக்கும் படகு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிடுவார். பெரிய மனசு என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தன் பயத்தை மறைக்க என்னை வாந்திக்காரி ஆக்கி ஆறு வருஷம் ஊருக்குப் பரிமாறியிருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அவரோடு வேனில் போயிருப்பேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வயிறு நிறையவில்லை.

"மே மாசம் லீவு விட்டதும் போறோம். ரெண்டு பேரும். படகுலதான்" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தபடியே, "எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றார்.

"எனக்கும்தான் தெரியாது" என்றேன். "ஏறினேன்."