தொடக்க விழாவின் முதல் பந்து

பதினான்கு வருடம் இந்தியக் கால்பந்து அணிக்குக் கோல் கீப்பராக நின்றிருக்கிறேன். வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் இன்றைக்கும் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க பேட்டிங்கா, பௌலிங்கா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மன்னித்துவிட்டேன். என் அம்மாவைத்தான் மன்னிக்க முடியவில்லை.

என் ஆட்டம் டிவியில் வந்தால் அம்மா தவறாமல் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பந்து என் பக்கம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சத்தம் அடங்கிய பிறகுதான் திறப்பாள். கோல் கீப்பரின் பிழைப்பே அந்தச் சில நொடிகள்தானே? மிச்ச நேரமெல்லாம் அவன் சும்மா நிற்கிறவன். ஆக, பதினான்கு வருடமும் என்னைப் பெற்றவள் பார்த்தது நான் சும்மா நின்றதைத்தான். "நல்லாத்தானே நிக்கிற, அப்புறம் ஏன் திட்டுறாய்ங்க?" என்று போனில் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பக் காட்டுகிறார்களே, அதையாவது பார் என்றால், "முடிஞ்சதப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்பாள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால் இன்னொரு இம்சை. சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் தொடக்க விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். சிறப்பு விருந்தினர் முதல் பந்தை உதைப்பார். நான் கோலில் நின்று அதை உள்ளே விட வேண்டும். தடுத்தால் அவருக்கு மரியாதைக் குறைச்சலாம். எந்தெந்த நாட்டுக்காரர்களோ தலைகீழாக நின்றும் போட முடியாத கோலை, வேட்டியை மடித்துக் கட்டிய அரிசி ஆலை முதலாளிகள் எனக்குப் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் விழா. அம்மாவையும் காரில் அழைத்துப் போனேன். நான் பந்து பிடிப்பதை அவள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், யாருடைய மரியாதை கெட்டாலும் சரி என்று முடிவு செய்திருந்தேன். "வெறும் விழாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல. கண்ண மூடாத" என்று பந்தலில் முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்தே விழா நடத்தியவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "அண்ணே, விட்டுருங்கண்ணே. கோப்பையே சிறப்பு விருந்தினரு குடுத்ததுதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது. விட்டுத் தொலைத்தேன். விருந்தினர் உதைத்த பந்து என் காலடியில் உருண்டு உள்ளே போனது.

"குனிஞ்சிருந்தா எடுத்திருக்கலாமேப்பா!" என்று பந்தலிலிருந்து அம்மா கத்தினாள். கூட்டமே சிரித்தது. என் பக்கம் வந்து அவள் கண்ணால் பார்த்த முதல் பந்து அதுதான்.

போட்டோ எடுத்தவர் புண்ணியவான். "சார், கழுத்து மாலை உங்க முகத்த மறைச்சிருச்சு. இன்னொரு தடவை உதைங்க" என்றார். விருந்தினருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நாலடி பின்னால் போய், ஓடிவந்து ஓங்கி உதைத்தார். பந்து மூலையைப் பார்த்துப் பறந்தது. முழங்கால் வலியை மறந்து பாய்ந்தேன். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி மண்ணில் விழுந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. விழா நடத்தியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் அம்மாவைத்தான் பார்த்தேன். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பந்தைக் கீழே போடாமல் அவளிடம் நடந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டிருக்கும்.

"நீ விழப்போறன்னு தெரிஞ்சிருச்சு. அடிகிடி பட்டிருச்சாடா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.