பாதையில் படுத்திருந்தவர்

ஸ்காட்லாந்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், திங்கட்கிழமை காலையில் ‘சாப்பிட்டாயா’ என்று யாரும் கேட்பதில்லை. சனி ஞாயிறில் எந்த மலையில் நடந்தாய் என்றுதான் கேட்கிறார்கள். காரை மலையடியில் நிறுத்தி, மழையில் நனைந்து, சேற்றில் வழுக்கி, திரும்ப அதே காருக்கு வந்து சேர்வதற்குப் பெயர் பொழுதுபோக்கு. அதையே ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நடக்கிறேன் என்று சொல்லிவிட்டால் ஆளாளுக்குப் பணம் போடுவார்கள். இதைச் சொன்னதும் சேலத்திலிருக்கும் என் அக்கா ஸ்டெல்லா ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏன்டா, அஸ்தம்பட்டியில நாலு எட்டு நடந்தாலே, வண்டிக்கு என்னாச்சுன்னு கேட்டு ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க நடக்கறதுக்குக் காசா?”

சிரித்தவளே பிறகு அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த சிலர், படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து வருகிறார்கள். அக்காவும் அதில் ஒருத்தி. மலையடிவார ஊர்களுக்குப் போய்வர அவர்களுக்கு ஒரு வேன் வேண்டும். “நீ லீவுல வர்றப்ப கொல்லிமலை அடிவாரத்துல நாமளும் நடப்போம். உன் ஆபீஸ்ல வசூல் பண்ணு” என்றாள். பண்ணினேன். நடக்கும்போதே படமெடுத்துப் போடுகிறேன் என்று பெருமையாக வாக்கும் கொடுத்தேன்.

தை மாதத்தில் நடந்தோம். மலிவாகக் கிடைத்தது என்று அக்கா எல்லோருக்கும் மஞ்சள் பனியன் வாங்கியிருந்தாள். பள்ளி ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், தேவாலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என்று எங்களோடு வந்தவர்கள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் முன்னால் போய்க் காத்திருந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். ஒருவர் கடைசியாக வந்து, பின்தங்கியவர்களைத் தள்ளிக்கொண்டு வருவார். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் மோர் கொடுத்தார்கள். “குடிங்க சாமி” என்று கும்பிட்டும் வைத்தார்கள். நம் ஊர் உபசரிப்பு என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதத்தில் மஞ்சள் உடுத்திக் கூட்டமாக நடப்பவர்களை அந்த மண்ணில் யாரென்று நினைப்பார்கள்? வெளிநாட்டு மண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

ஓரிடத்தில் பாதை ஏறத் தொடங்கியது. அங்கே குறுக்கே ஒரு பாயில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். என்னைவிட இளையவர். பக்கத்தில் அவர் மனைவி கைகூப்பி நின்றிருந்தார்.

“செருப்பக் கழட்டிப்போட்டு ஒருக்கா தாண்டிட்டுப் போங்க சாமி. எங்கூட்டுக்காரருங்க. போர் போடற ரிக் வண்டியில வேல பாக்கறப்ப பைப்பு உழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்வே இல்லீங்க.”

காவடி எடுத்துப் போகிறவர்கள் தாண்டினால் நோய் போகும் என்பது அங்கே நம்பிக்கை. நான் முந்திக்கொண்டு, “அம்மா, நாங்க பழனிக்குப் போறவங்க இல்லீங்க. நோயாளிகளுக்காக ஒரு வேன் வாங்க நடக்கறோம்” என்றேன்.

“வேன் வாங்கறதுக்கு எதுக்குங்க நடக்கோணும்? வேண்டுதல்தானுங்களே? எந்தச் சாமிக்கா இருந்தா என்னங்க, நடக்கறீங்கல்ல!”

அக்கா குனிந்தாள். ஷூவைக் கழற்றினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அவரைத் தாண்டினாள். கோயில்பிள்ளை தாண்டினார். மருந்துக்கடைக்காரர் தாண்டினார். நான் மட்டும் நின்றேன். கையில் ஃபோன் இருந்தது. நடக்க முடியாத ஒருவர் தரையில் கிடக்க, நான் அவர்மேல் கால் தூக்கிப் போவதை அலுவலகத்தில் யாராவது பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சத்தியமாக அந்த நேரத்தில் என் கவலை அதுதான்.

படுத்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பயப்படாதீங்கண்ணா. எனக்கு ஒண்ணும் ஆவாது. வாங்க.”

நான் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில் இறங்கி, ஷூவோடு சுற்றிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா ஓடிவந்தார். கோபமே இல்லை. “ஊட்ல தீட்டுங்களா சாமி? சாவுங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்காக அவரே ஒரு காரணம் தேடிக் கொடுத்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். “அதுக்கென்னுங்க, பாத்துப் போங்க” என்றார். திரும்பிப் பார்த்தபோது அவர் கணவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சீ, என்ன ஜென்மம் நான் என்றிருந்தது.

கொஞ்ச தூரம் நடந்ததும் அக்கா கேட்டாள்: “யார்ரா செத்தா?”

நான் வேகமாக முன்னால் நடந்தேன். வழியெல்லாம் வாயாடுகிறவள், ஆரஞ்சுச் சுளையை நீட்டும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேன் வாங்கிவிட்டார்கள். முதல் வேலையாக அக்கா அந்த வீட்டுக்குத்தான் போனாள். அவர் பெயர் பழனிச்சாமி. முதுகில் படுக்கைப் புண். மருந்து கட்டிவிட்டு வந்திருக்கிறாள். அன்று ஃபோனில், “அந்தம்மா உன்னைத்தான்டா கேட்டுச்சு. காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா, அந்தண்ணன் மனசு தேறிட்டாருங்களான்னு” என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பணம் போட்டவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு படமும் அனுப்பினாள். கடைசியாக வந்தவர், ஆசிரியர்கள் பழனிச்சாமியைத் தாண்டும்போது எடுத்த படம்.

என்னோடு வேலை பார்க்கும் மார்கரெட் அதை அச்செடுத்துத் தேநீர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். பாயில் கிடப்பவரைக் காட்டி, இவருக்கு என்ன, ஏன் எல்லோரும் வெறுங்காலோடு தாண்டுகிறார்கள் என்று கேட்டாள். “அவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை” என்றேன். அவர்கள் என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! நான் பயந்ததுபோல அவள் முகம் சுளிக்கவில்லை. கண் கலங்கிவிட்டாள். முன்பின் தெரியாதவருக்காக இத்தனை பேர் நின்று செய்திருக்கிறீர்களே என்றாள்.

பிறகு, “இதில் நீ எங்கே?” என்று கேட்டாள். வெறுங்காலோடு நின்றவர்களின் முகங்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்து என்னைத் தேடினாள். படத்தின் ஓரத்தில், குச்சிக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே முதுகு காட்டி நிற்பவனிடம் அவள் விரல் போகவே இல்லை.