"ஒண்ணுமில்ல" என்றால் எத்தனை கிலோ?

"டெல்லியில இருக்கவன் நம்ம மீன எண்ணி, அத நமக்கே காட்டுவானாக்கும்? போளா அங்கன!"

எங்கள் மீன்கணக்கை அரசின் தளத்தில் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குச் சித்தப்பா இதைச் சொன்னது ஏல நேரத்தில், கரையே கேட்கும்படி. நான் புள்ளியியலில் பட்டம் வாங்கியிருந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் நான் படித்தது என்ன படிப்பு என்று யாருக்கும் பிடிபடவில்லை. "புள்ளி வைக்கிற படிப்பு" என்று சித்தப்பாவே ஒரு பேரும் வைத்திருந்தார்.

எங்கள் கரையில் ஏலக்கூடம் கிடையாது. வள்ளங்கள் வந்ததும் மீனை மணலில் கொட்டிவிடுவார்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து விற்பார்கள். ஒருநாள் அம்மா மயங்கி, சாளைமீன் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். கூரை போட்ட ஒரு கூடம் வேண்டும் என்று ஊர் மனுக் கொடுத்தது. உங்கள் கரையில் மீன்வரத்து குறைவு, கூடம் கட்டும் அளவுக்கு இல்லை என்று பதில் வந்தது.

குறைவு என்று யார் எண்ணினார்கள்? அந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

அரசின் புள்ளிவிவரத் தளத்தில் பதிவு செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் தரவை இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பதிவுப் பக்கம் என்னைக் கேள்வி கேட்டது. நிறுவனம்? "இல்லை" என்று தட்டினேன். பதவி? கொஞ்சம் யோசித்து "மகள்" என்று போட்டேன். தரவு எதற்காக? "அம்மாவுக்கு நிழல்." சத்தியமாக அப்படித்தான் போட்டேன். அதுவும் ஏற்றுக்கொண்டது! டெல்லி என்னை மறுகேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்டது.

கோப்பு இறங்கியது. மாவட்டம், வட்டம், கரை என்று வரிவரியாக ஓடியது. ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் வீறிட்டுக் கத்திவிட்டேன். அம்மா மீன் அரியும் கத்தியோடு ஓடி வந்தாள்.

"என்னளா, பாம்பா?"

"நம்ம ஊரும்மா! நம்ம ஊரு இருக்கு!"

ஓர் எழுத்துப் பிழையோடுதான் இருந்தது. ஆனாலும் எங்கள் ஊர்.

மறுநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது.

"இது யாரு வீட்டுக் கணக்கு? என் ஒருத்தன் வள்ளத்துலயே இதவிடக் கூட வருமே!" என்று குதித்தார் அப்பா.

"கணக்கெடுக்க வார சார் கேக்கும்போது என்ன சொன்னீங்கப்பா?"

அப்பா கடலைப் பார்த்தார். "ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"நீங்க சித்தப்பா?"

"நான் சுமார்னுல்லா சொன்னேன்!" ஏதோ தாராளமாக அள்ளிக் கொடுத்துவிட்டவர் மாதிரி சொன்னார்.

எங்கள் கரையில் பாடு எவ்வளவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். சொன்னால் கண்பட்டு, நாளைக்கு வலை காலியாக வரும் என்று பயம். அதனால் ஓரளவு கிடைத்தால் "ஒண்ணுமில்ல". நன்றாகக் கிடைத்தால் "சுமார்". வள்ளம் மூழ்கும் அளவுக்குக் கிடைத்தால் "பரவால்ல". கணக்கெடுக்க வருகிறவரோ ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நெல் விளைகிற ஊர்க்காரர். இவர்கள் சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

முதலில் சிரித்தது அம்மாதான். "கண்ணு படும்னு சொல்லிச் சொல்லி எங்க கூரையத் தொலச்சிருக்காவ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மீன்காரப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ஏலம் தொடங்கவே நேரமாகிவிட்டது.

தளத்திலேயே கருத்துச் சொல்ல ஒரு முகவரி இருந்தது. எங்கள் மூன்று வார்த்தைகளுக்கும் அர்த்தம் எழுதி, வள்ளத்துக்காரர்களிடம் வாயால் கேட்காமல் ஏலம் நடக்கும் இடத்தில் எடை பாருங்கள் என்று அனுப்பினேன். பதில் வந்தது, எனக்கு! வெளியிட்ட எண்களை ஒருவர் சொன்னதற்காக மாற்ற முடியாது, இனி எடுக்கும் கணக்கில் கவனிக்கிறோம் என்று. எனக்கு அது பிடித்திருந்தது. என் பேச்சுக்காக மாற்றினால் நாளை வேறொருவன் பேச்சுக்கும் மாற்றுவார்கள்தானே.

ஆனால் மீனை நிறுக்க அப்பா சம்மதிக்க வேண்டுமே. ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: "நிறுத்துப் பாத்துக்கிடட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அடுத்த கணக்கெடுப்புக்குச் சார் வந்தார். ஏலத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார். தன் மீனை நிறுக்கும்போதெல்லாம் அப்பா தராசுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி நின்றார். மற்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள். ஒரு கரை முழுக்க ஆண்கள் முதுகைக் காட்டி நிற்க, நடுவில் பெண்கள் கூடை கூடையாகத் தூக்கித் தராசில் வைத்த காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு நிற்காது. பாறைமீன் கூடை ஏறியபோது சார் பழக்கதோஷத்தில், "அண்ணாச்சி, இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

"சுமார்தான் சார்" என்றார் சித்தப்பா.

சார் தராசைப் பார்த்தார். "புரிஞ்சுது அண்ணாச்சி" என்று எடையை எழுதிக்கொண்டார்.

புதிய அட்டவணை தளத்தில் ஏறிய அன்று, என் கையிலிருந்த செல்போனை முதலில் பிடுங்கியது சித்தப்பாதான். "எங்கன இருக்கு? நம்ம ஊரு எங்கன இருக்கு, காட்டுளா!" காட்டினேன். எங்கள் ஊர் வரியில் எண் நன்றாக ஏறியிருந்தது. எழுத்துப் பிழை மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். ஏலக்கூடம் கேட்டு மனுவைப் புதிதாக எழுதி, இந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம் என்று தளத்தின் முகவரியையும் அடியில் போட்டேன். போன திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அம்மாவோடு வரிசையில் நின்று, அதைக் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன்.